ஈசானிய மூலையில் ஓர் ஆன்டெனா

தட்சிணாமூர்த்தியைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால், அவர் கையெழுத்து அழகாக இருக்கும் என்பேன். அதற்கு மேல் கேட்டால் எனக்குத் தெரியாது. புதுச்சேரியில் எங்கள் கம்பியில்லாத் தொலைபேசிக் கம்பெனிக்கு அவர்தான் மேலாளர். தினமும் காலையில் காரை விட்டு இறங்கும்போது வாட்ச்மேனைப் பார்த்து "போன்ழூர்" என்பார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். வாட்ச்மேன் "வணக்கம் சார்" என்பார். நான்கு வருடமாக இருவரும் இதை மாற்றிக்கொள்ளவில்லை.

நான் ஹேமலதா. அவருக்குக் கீழே பொறியாளர். 2007-இல் எனக்கு முப்பத்தொரு வயது. கருவடிக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். ஊரில் எங்களுக்கு இருந்த ஆறு டவர்களும் என் பொறுப்பு.

எங்கள் டவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. எல்லாம் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். சுவர்க் கடிகாரம் மாதிரி நிமிடக் கணக்கில் இல்லை. ஒரு வினாடியைப் பத்து லட்சம் துண்டாக வெட்டினால் அதில் பத்துத் துண்டுக்கு மேல் பிசகக் கூடாது. பிசகினால் ஒரு டவர் பக்கத்து டவரின் பேச்சுக்குள் புகுந்து குழப்பும். அப்படி ஆகாமலிருக்க அது தானே அணைந்துவிடும். இந்தத் துல்லியமான நேரத்தை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிடமிருந்து வாங்குகிறோம். அவை இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து தரைக்கு வந்து சேரும் சைகை மிக மெல்லியது. பக்கத்தில் ஏதாவது ஒரு கருவி அதே அலைவரிசையில் முனகினால் போதும், அந்தச் சைகை டவரின் காதில் விழாது.

விழாத நேரத்தில் சமாளிக்க டவருக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கும். எங்களிடம் இருந்தது மட்டமான கிரிஸ்டல் கடிகாரம். வானத்தின் உதவி இல்லாமல் அதனால் நாற்பது நிமிடம் நேரம் தவறாமல் ஓட முடியும். ரூபிடியம் கடிகாரம் என்று ஒன்று உண்டு, அது ஒரு நாள் முழுக்கத் தாங்கும். தலைமை அலுவலகம் எங்களுக்கு ஆறு ரூபிடியம் கடிகாரங்களை அனுப்பவும் செய்தது. தட்சிணாமூர்த்தி அட்டைப்பெட்டிகளைப் பிரிக்காமலேயே, 'எங்களுக்கு இது உபரி' என்று அழகான கையெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். சிக்கனத்தைப் பாராட்டி ஒரு கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்.

அந்த வருடம் ஏப்ரல் நடுவில், துறைமுகத்தை ஒட்டிய உப்பளம் பகுதியின் டவர் அணைய ஆரம்பித்தது. தினமும் பதினொரு மணி வாக்கில் செயற்கைக்கோள்கள் காணாமல் போகும். பதினொன்றே முக்காலுக்கு டவர் அணையும். இரண்டு மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் திரும்பி வரும். உப்பளத்திலும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் இருந்த எங்கள் போன்கள் எல்லாம் அந்த இரண்டு மணி நேரமும் ஊமை.

ஆன்டெனாவை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். ரிசீவரை மாற்றினேன். எதுவும் பலிக்கவில்லை. வெளியிலிருந்து ஏதோ குறுக்கிடுகிறது, கண்டுபிடிக்கும்வரை ரூபிடியம் கடிகாரங்களைத் திரும்பக் கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

தட்சிணாமூர்த்தி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். யோசிக்கிறாராம்.

"அமெரிக்காக்காரன் மத்தியானத்துல நிறுத்திடுறான்மா. அவன் சாட்டிலைட், அவன் இஷ்டம்."

"அமெரிக்காக்காரன் உப்பளத்துக்கு மட்டும் நிறுத்துவானா சார்? லாஸ்பேட்டை டவர் நல்லா ஓடுது."

"எல்லாத்துக்கும் உங்களாண்ட ஒரு பதில் இருக்குது, வேலைதான் நடக்க மாட்டேங்குது."

மறுவாரம் அவர் ஒரு வாஸ்து நிபுணரை அழைத்து வந்தார். இதை நான் கற்பனை செய்து சொல்லவில்லை. பட்டுச்சட்டை போட்ட ஒரு மனிதர் உப்பளம் டவருக்குக் கீழே நின்று திசைகாட்டியைப் பார்த்தார். ஆன்டெனா அக்கினி மூலையில் இருக்கிறது, ஈசானியத்துக்கு மாற்ற வேண்டும் என்றார். பதினாறு வருடம் படித்த நான் ஏணியில் ஏறி அதை வடகிழக்கு மூலைக்கு மாற்றினேன். எழுத்து மூலம் உத்தரவு கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மாற்றிய பிறகு இரண்டு நாள் டவர் அணையவே இல்லை. தட்சிணாமூர்த்தி அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தார். என் மேஜைக்கு அவரே கொண்டு வந்து வைத்தார். "சில விஷயம் புஸ்தகத்துல இருக்காது, ஹேமலதா" என்றார். மூன்றாம் நாள் பதினொன்றே முக்காலுக்கு டவர் மறுபடி அணைந்தது. லட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவரைக் கேவலமாகப் பேசுவது எனக்கு எளிது. என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.

லட்டு வந்ததற்கு முந்தைய வாரம் ஒருவர் என் மேஜைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். உப்பில் வெளுத்த சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மீனவர்கள் கடலில் வழி பார்க்க வைத்திருக்கும் கைக்கடக்கமான ஜி.பி.எஸ். கருவி. சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் நிறையப் பேருக்குக் கொடுத்திருந்தார்கள்.

"மேடம், வீராம்பட்டினம், எம்பேரு கன்னியப்பன். இது மத்தியானத்துல..."

"இதெல்லாம் இங்க ரிப்பேர் பண்றது இல்லண்ணே. வாங்கின எடத்துல கேளுங்க."

"ரிப்பேர் இல்லம்மா. போனும் இதுவும் ஒரே..."

மேஜை மேலிருந்த போன் அடித்தது. எடுத்துப் பேசினேன். தலைமை அலுவலகத்துக்காரன் ஒருவன், உப்பளம் ஏன் அணைகிறது என்று இருபது நிமிடம் கத்தினான். கன்னியப்பன் நின்றுகொண்டே இருந்தார். நான் நாற்காலியைக் காட்டவில்லை. பேசி முடித்துத் திரும்பினபோது அவர் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. உப்பளம் ஏன் அணைகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதிலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு என் எதிரில் கொண்டுவந்த மனிதரைத்தான் நான் அப்படி அனுப்பினேன்.

மே மாதம் ஒன்பதாம் தேதி பகல் பன்னிரண்டுக்குக் கன்னியப்பனின் பைபர் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது.

அது தடைக்காலம். பெரிய விசைப்படகுகள் நாற்பத்தைந்து நாள் கடலுக்குப் போகக் கூடாது. லாஞ்ச் என்று சொல்வார்களே, அவை எல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. சின்னப் படகுகளுக்குத் தடை இல்லை. கன்னியப்பனும் இன்னும் இரண்டு பேரும் வலை எடுத்துவிட்டுத் திரும்பும்போது, ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓர் அலை படகைப் புரட்டியது. மற்ற இருவரும் நீந்திவிட்டார்கள். கன்னியப்பனின் வலது கை, கருங்கல் தடுப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது.

துறைமுக வாசலில் அவர் மனைவி அன்னக்கிளி போன் பூத் வைத்திருந்தார். எங்கள் கம்பெனி போன். நீந்தி வந்தவன் ஓடிவந்து சொன்னதும் ஆம்புலன்சுக்கு அடித்தார். சத்தமே இல்லை. தீயணைப்புக்கு அடித்தார். இல்லை. பக்கத்தில் ஐஸ் வியாபாரியின் செல்போனைப் பிடுங்கினார், அதுவும் எங்களுடையது. எங்கள் கம்பெனி அந்தப் பகுதியில் நன்றாக விற்றிருந்தது, அதற்கும் தட்சிணாமூர்த்திக்கு ஒரு பாராட்டுக் கடிதம் உண்டு. கடைசியில் ஒருவன் சைக்கிளில் உப்பளம்வரை போய் ஒரு கம்பிப் போனில் சொன்னான். ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. கன்னியப்பன் உயிர் பிழைத்தார். மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் ஒன்றிரண்டைக் காப்பாற்றியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர்.

நான்காம் நாள் அன்னக்கிளி அலுவலகத்துக்கு வந்தார். பூத்திலிருந்த போனைக் கரண்ட் ஒயரோடு பிடுங்கிக் கையில் எடுத்து வந்திருந்தார். நேராகத் தட்சிணாமூர்த்தியின் அறைக்குள் போய் அதை அவர் மேஜையில் வைத்தார். நான் அப்போது அங்கே ஒரு கோப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

"இத நீங்களே வச்சிக்கோங்க. எம்புருசன் கை கல்லுல மாட்னு கெடக்குது, நான் இதப் புடிச்சினு அலோ அலோன்னு கத்துறேன்."

தட்சிணாமூர்த்தி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "உக்காருங்கம்மா. கம்ப்ளைன்ட் நம்பர் இருக்குதா?"

"இன்னாது?"

"புகார் குடுத்தா ஒரு நம்பர் குடுப்போம். நம்பர் இருந்தாதான் நடவடிக்கை எடுக்க முடியும்."

"எதுல புகார் குடுக்கிறது? இந்தப் போன்லயா?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். ஏதோ படிவம் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கம்பெனி பேர் போட்ட காலண்டர் ஒன்றை எடுத்து அன்னக்கிளியிடம் நீட்டினார். மே மாதத்தில், காலண்டர். அன்னக்கிளி அதை வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"எங்கூட்டுக்காரு அன்னிக்கே வந்து சொன்னாரே. நீங்கதான அந்த மேடம்? போனும் ஜி.பி.எஸ்.சும் ஒண்ணா சாவுது, இன்னான்னு பாருங்கன்னு சொல்லத்தான் வந்தாரு. நிக்க வச்சி அனுப்பிட்டியாமே."

நீங்கள் என்று ஆரம்பித்தவர் முடிக்கும்போது ஒருமையில் முடித்தார். அது எனக்குத் தகும்.

போனும் அதுவும் ஒன்றாகச் சாகிறது. அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. கோளாறு எங்கள் டவரில் இல்லை, வாஸ்துவில் இல்லை, அமெரிக்காவில் இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று தினமும் பதினொன்றிலிருந்து இரண்டுவரை ஜி.பி.எஸ். சைகையை அமுக்குகிறது.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கன்னியப்பன் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"முகத்துவாரத்துக்கு வெளியில அஞ்சு சிக்னல் கம்பி காட்டும்மா. உள்ள நொழைஞ்சா மூணு. லாஞ்ச் கட்ற எடத்தாண்ட வந்தா ஒண்ணுமே இல்ல. ரெண்டு மணிக்கு மேல போனா அதே எடத்துல அஞ்சு கம்பி. பத்து நாளு பாத்துட்டுத்தான் உங்களாண்ட வந்தேன்."

பத்து நாள் அளந்திருக்கிறார். எங்கள் கம்பெனியில் ஒரு மாதத்தில் அளந்தது ஈசானிய மூலையை மட்டும்தான்.

"அந்த ஜி.பி.எஸ். எங்கண்ணே?"

"வூட்ல இருக்குது. அன்னிக்கி போட்ல எடுத்துனு போவல. மத்தியானத்துல வேலைக்கு ஆவலன்னு வச்சிட்டுப் போனேன்."

மறுநாள் பத்தரைக்கு நானும் அன்னக்கிளியும் துறைமுகத்துக்குள் போனோம். அலைவரிசைகளை அளக்கும் கருவி ஒன்று சென்னையில் இருந்தது. கேட்டால் மூன்று கையெழுத்தும் ஆறு வாரமும் ஆகும். கன்னியப்பனின் ஜி.பி.எஸ்.ஸே போதும் என்று தோன்றியது. வாசலில் ஐந்து கம்பி. பதினொன்று அடித்துச் சில நிமிடத்தில் அது மூன்றானது. அன்னக்கிளி என்னைப் பார்த்தார்.

நடந்தோம். ஐஸ் பேக்டரியருகில் இரண்டு. டீசல் பம்பைத் தாண்டினதும் ஒன்று. அப்புறம் எதுவும் இல்லை. இனி எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். கருவியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினேன். மனித உடம்பு இந்த அலையைக் கொஞ்சம் மறைக்கும். முதுகு எந்தப் பக்கம் இருக்கும்போது ஒரு கம்பி எட்டிப் பார்க்கிறதோ, அந்தப் பக்கம்தான் சனியன் இருக்கிறது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நான் சுற்றுவதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"பொம்பளைக்கு சாமி வந்துட்ச்சா?" என்றான் ஒருவன்.

"மூடினு வலையப் பாருடா," என்றார் அன்னக்கிளி.

நான்கு இடத்தில் நின்று சுற்றினேன். நான்கு இடத்திலும் என் முதுகு காட்டியது ஒரே லாஞ்சைத்தான். நீலமும் சிவப்பும் அடித்த பெரிய லாஞ்ச். பாவாடை என்பவருடையது. மேலே ஓட்டுநர் அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து தூர்தர்ஷனில் ஏதோ பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடிக்கம்பத்தின் உச்சியில் வெள்ளைத் தட்டு மாதிரி ஒரு டி.வி. ஆன்டெனா. அதற்குள் பூஸ்டர் இருந்தது. மெலிந்த டி.வி. சைகையைப் பெருக்கிக் கொடுக்கும் சின்னக் கருவி அது. கெட்டுப்போனாலோ மட்டமாகச் செய்திருந்தாலோ அது வாங்குவதோடு நிற்காமல் தானே ஓர் அலையைக் கக்கத் தொடங்கும். இது கக்கியது சரியாக ஜி.பி.எஸ். அலைவரிசையில்.

"பாவாட மாமா, டி.வி.ய நிறுத்து," என்று கீழேயிருந்து அன்னக்கிளி கத்தினார்.

பாவாடை எட்டிப் பார்த்தார். அறுபது வயது, வெறும் உடம்பு, கழுத்தில் துண்டு. "இன்னா புள்ள, கன்னியப்பனுக்கு எப்டி இருக்குது?"

"நீ நிறுத்து, சொல்றேன்."

நிறுத்தினார். நான் கருவியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு நிமிடம் போனது. ஒரு கம்பி. மூன்று. ஐந்து. போடச் சொன்னேன். ஐந்தும் விழுந்தன. மறுபடி நிறுத்தச் சொன்னேன், மறுபடி எழுந்தன. மூன்று முறை செய்தோம். சிரித்தவர்கள் எல்லாம் எழுந்துவந்து என்னைச் சுற்றி நின்றார்கள்.

"தடக்காலத்துல பொழுது போவலன்னு மெட்ராஸ்ல வாங்கியாந்து மாட்டினது," என்றார் பாவாடை. "எந்நேரமும் போட மாட்டோம்மா. மத்தியான சோத்து நேரத்துல மட்டும். நடுவுல கல்யாணத்துக்குன்னு எல்லாரும் கடலூரு போனோம், ரெண்டு நாளு போடவே இல்ல."

லட்டு வந்த இரண்டு நாள்.

பாவாடை என் கையிலிருந்த ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்தார். அன்னக்கிளியைப் பார்த்தார். "கன்னியப்பனுக்குப் போன் கெடைக்காம போனது இதாலயா?"

"இதால மட்டும் இல்ல," என்றேன். "இது ஒண்ணு முனகினதுக்கே எங்க டவர் படுத்துடுச்சு. படுக்காம இருக்கக் கருவி இருக்குது, நாங்க வைக்கல."

பாவாடை துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். அந்த வயதில் தானே கம்பத்தில் ஏறினார். ஸ்பானர் போட்டு ஆன்டெனாவைக் கழற்றி, கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார். "எடுத்துனு போ. இனிமே இது எந்த லாஞ்ச்லயாவது இருந்தா எனக்கு சொல்லு, நானே புடுங்கறேன்." படம் பாதியில் நின்றதைப் பற்றி ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னேன். தட்சிணாமூர்த்தியின் முகம் பிரகாசமானது. கன்னியப்பனின் விரல்களை நினைத்து அல்ல.

"யாரு லாஞ்ச் அது? பேர் சொல்லுங்க. போலீஸ்ல சொல்லிடலாம். 'தகவல் தொடர்பைச் சீர்குலைக்கச் சதி.' பேப்பர்காரங்களைக் கூப்பிடலாம்."

"டி.வி. பாத்தாங்க சார். அது சதி இல்ல. அவரே கழட்டிக் குடுத்துட்டாரு."

"பேர் என்ன?"

"மறந்துட்டேன் சார்."

"சரி, பிரச்சினை தீர்ந்துடுச்சுல்ல? அந்த ரூபிடியம் லெட்டரை வாபஸ் வாங்கிடுங்க."

"சார், இது ஒரு பூஸ்டர். இந்த மாதிரி ஆயிரம் விக்கிறான். நாளைக்கு இன்னொருத்தர் மாட்டினா மறுபடி இதேதான். தேடிப் புடிக்கிறது ஒரு வேலை, தாங்குறது இன்னொரு வேலை. தாங்குறதுக்கு நம்மாண்ட ஒண்ணும் இல்ல."

அவர் சுவரில் மாட்டிய கடிதத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உபரி என்று எழுதிக் கொடுத்ததைத் தேவை என்று எழுதினால் அந்தக் கண்ணாடிச் சட்டத்தை இறக்க வேண்டியிருக்கும். "நாளைக்கு வந்தா நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றார். ஒரு மனிதரின் மூன்று விரல்கள் அவருக்கு நேற்றைக்கே முடிந்துபோன சமாச்சாரம்.

ஜூன் முதல் வாரத்தில் டெல்லியிலிருந்து இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். தட்சிணாமூர்த்தி திரையில் படம் போட்டு விளக்கினார். ஒரு படத்தில் உப்பளம் டவர் இருந்தது. அதற்குக் கீழே, 'அறிவியல் முறைப்படி ஆன்டெனா இடமாற்றம்: தடங்கல் பூஜ்ஜியம்' என்று எழுதியிருந்தது. ஏணியில் ஏறியவள் நான். பின்வரிசையில் உட்கார்ந்து படித்தேன். காலையிலிருந்து இருந்த பயம் அந்த வரியைப் படித்ததும் போய்விட்டது.

கையைத் தூக்கினேன். "சார், மொட்டை மாடியில ஒண்ணு காட்டணும். ரெண்டு நிமிஷம் போதும்."

தட்சிணாமூர்த்தி "அப்புறம்" என்று சைகை செய்தார். இயக்குநருக்கு அந்த அறையில் குளிர் அதிகமோ சலிப்பு அதிகமோ, எழுந்துவிட்டார்.

மாடியில் சோதனைக்கென்று ஒரு டவர்ப் பெட்டி வைத்திருந்தோம். ஊரில் எந்தப் போனும் அதில் சேராது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாவாடையின் பூஸ்டரை ஒரு முறுக்கு டின்னுக்குள் வைத்து, மூடியை விரல்கடை அளவு திறந்து வைத்திருந்தேன். அந்த முனகல் மாடியைத் தாண்டிப் போகவில்லை என்று முந்தின நாளே கன்னியப்பனின் ஜி.பி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் நடந்து பார்த்திருந்தேன். பூஸ்டருக்கு மின்சாரம் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் திரையில் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பச்சை போய் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"இப்ப இது தன்னோட கடிகாரத்துல ஓடுது சார். நீங்க சாப்பிட்டுட்டு வாங்க."

இயக்குநர் சாப்பிடப் போனார். தட்சிணாமூர்த்தி படியில் என் காதருகே, "உங்களுக்கு இங்க வேலை பாக்க இஷ்டமில்லையா?" என்றார். நான் மாடியிலேயே வெயிலில் நின்றேன். அவர்கள் திரும்பி வந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டவர்ப் பெட்டி அணைந்து பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

இயக்குநர் குனிந்து முறுக்கு டின்னுக்குள் பார்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார். மே ஒம்பதாம் தேதி இதாலதான் ஒருத்தருக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட முடியல. அவருக்கு மூணு விரல் போச்சு."

"ரூபிடியம் இருந்தா எவ்வளவு நேரம் தாங்கும்?"

"ஒரு நாள். நமக்கு ஆறு வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டோம்."

அவர் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார். தட்சிணாமூர்த்தி வானத்தைப் பார்த்தார். அங்கே என்ன பதில் எழுதியிருந்ததோ, "இதை நாங்களே பரிந்துரை பண்ணலாம்னு இருந்தோம் சார்" என்றார். முகம் கொஞ்சம்கூடச் சுளிக்காமல். அந்த வாக்கியத்தைச் சொல்வதற்குத் தேவைப்படும் தடித்த தோலை நான் இன்னொரு மனிதரிடம் பார்த்ததில்லை.

ஜூலையில் ஆறு கடிகாரங்களும் வந்தன. ஆறு அட்டைப்பெட்டிகளிலும் எங்கள் அலுவலகத்தின் பழைய முத்திரை அப்படியே இருந்தது, யாரும் பிரித்திருக்கவில்லை. உப்பளத்தில் தட்சிணாமூர்த்தி ரிப்பன் வெட்டினார். பூசணிக்காய் சுற்றினார்கள். அதே வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது: அனுமதியின்றி அலுவலக வளாகத்தில் இடையூறு விளைவிக்கும் கருவியை இயக்கியதற்கு விளக்கம் தேவை. அழகான கையெழுத்து. விளக்கம் எழுதினேன். அதில் கன்னியப்பன் பெயரையும் தேதியையும் எழுதினேன், பாவாடை பெயரை எழுதவில்லை. செப்டம்பரில் தட்சிணாமூர்த்தி பதவி உயர்வில் சென்னைக்குப் போனார். இப்போது தமிழ்நாடு, புதுச்சேரி முழுவதற்கும் அவர்தான் நெட்வொர்க் தலைமை.

கன்னியப்பனுக்குக் கம்பெனி எதுவும் செய்யவில்லை. இரண்டு விரலால் இன்ஜினைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். ஜி.பி.எஸ்.ஸைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று, வலைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கவிழ்த்த கூடையைப் போட்டு உட்காரச் சொன்னார். நான் அவருக்குப் போடாத நாற்காலி மனதில் உறுத்தியது. அன்னக்கிளி பூத்தை மறுபடி திறந்தார், வேறு கம்பெனிப் போனோடு. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த வருடத் தடைக்காலத்தில் ஒரு நாள் உப்பளம் டவர் மறுபடியும் செயற்கைக்கோள்களை இழந்தது. இந்த முறை யார் என்ன மாட்டினார்களோ தெரியவில்லை. மூன்று மணி நேரம் மஞ்சள் விளக்கு எரிந்தது. உள்ளே ரூபிடியம் தன்பாட்டுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு போனும் அறுபடவில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தேன்.

சாயங்காலம் சென்னையிலிருந்து தட்சிணாமூர்த்தியின் மின்னஞ்சல் வந்தது: 'உப்பளத்தில் மூன்று மணி நேரம் மஞ்சள் விளக்கு எரிந்தது ஏன்? உடனே விளக்கம் தரவும்.'

ஒரே வரியில் பதில் போட்டேன். "அது எரிந்ததால்தான் சிவப்பு எரியவில்லை, சார்." அனுப்பிவிட்டுப் பாவாடைக்குப் போன் செய்தேன். துறைமுகத்தில் யார் புதிதாக டி.வி. மாட்டியிருக்கிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.